தேனீக்கு ஃபேன் போட்டவள்

காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு கோணியை நனைக்கிற வேலை ஜாஸ்மினுடையது. அஸ்தினாபுரத்து அந்த மாடி வீட்டில் குப்பைக் கூடையைக் கீழே கொண்டுபோவது யார், மோட்டார் போடுவது யார் என்று மற்ற எல்லா வேலைக்கும் ஒரு வாக்குவாதம் உண்டு. இதற்குக் கிடையாது. இப்படி ஒரு வேலை நடப்பதே வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளுக்குத் தெரியாது.

பழைய சணல் கோணியை வாளித் தண்ணீரில் முக்கி, அரையும் குறையுமாகப் பிழிந்து, பின்னறையின் பால்கனிக் கம்பியில் திரைபோல விரித்துக் கட்டுவாள். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பூச்சி முழுகிவிடாமல் நின்று குடிக்கக் கூழாங்கல் போடுவாள். அப்புறம் தன் தலைமாட்டில் இருக்கும் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து பால்கனி மூலையில் வைத்து, காற்று கோணியை உரசிக்கொண்டு போகிற மாதிரித் திருப்பி, ஒன்றாம் வேகத்தில் போடுவாள். கோணிக்கும் கதவுக்கும் நடுவில், அவள் கணவர் ஜெரோம் கட்டிய கிறிஸ்மஸ் நட்சத்திரத்தின் மூங்கில் கூட்டில், உள்ளங்கை அகலத்துக்குத் தேனீக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் புழுங்கக் கூடாது. புழுங்கினால் போய்விடும். அவை போய்விட்டால் அண்ணி வந்துவிடுவாள்.

இவ்வளவும் செய்துவிட்டு ஜாஸ்மின் ஃபேனை இழந்த அறையில் உட்கார்ந்து, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்வாள்.

சூடு அவளுக்குப் புதிதில்லை. பம்மலில் ஒரே அறையும் ஒரு அடுப்பும் இருந்த வீட்டில், அக்கா தங்கைகள் நடுவில் கையும் காலும் யாருடையது என்று தெரியாமல் படுத்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக, சானடோரியத்தில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியின் அயர்ன் பிரிவில் வேலை பார்த்தாள். நீராவிப் பெட்டிகள் வரிசையாகச் சீறிக்கொண்டிருக்கும் கூடம் அது. எந்தப் பெட்டி சட்டையைக் கருக்கும், எந்தப் பெட்டி சுருக்கத்தை எடுக்காது என்பதைப் புறங்கையை அருகில் காட்டியே சொல்லிவிடுவாள். கம்பெனியை மூடும்போது எல்லோரும் அழுதார்கள். ஜாஸ்மினுக்கு மட்டும், இனிமேல் மத்தியானத்தில் படுக்கலாம் என்று தோன்றியது. அதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவளும் கொஞ்சம் அழுதாள்.

படுக்கத்தான் முடியவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு ஒரு புது விளையாட்டை ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து வழியாகக் காது வரைக்கும் ஏறும். ஃபேனை ஐந்தில் வைத்து அதன் கீழ் நின்றால்தான் இறங்கும். ஜெரோமோ எதிர்த் திசைக்காரர். மார்கழியில் காது மூடுகிற குல்லா இல்லாமல் பால் வாங்கப் போக மாட்டார். சித்திரையிலும் ஃபேனை இரண்டுக்கு மேல் விட மாட்டார். அவர்கள் தாம்பத்தியத்தின் முக்கால்வாசிச் சண்டை சுவரில் இருக்கும் அந்த ரெகுலேட்டரைச் சுற்றியே நடந்தது. இவள் ஐந்துக்குத் திருப்பிவிட்டுப் படுப்பாள். அவர் தண்ணீர் குடிக்க எழுகிற மாதிரி எழுந்து இரண்டுக்குத் திருப்புவார். விடிந்ததும் இரண்டு பேரும் தூக்கம் கெட்டதற்குக் கொசுவைத் திட்டுவார்கள்.

போன ஆவணியில் மகள் ஜெரூஷா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள். அவள் இருந்த பின்னறை காலியானது. ஜாஸ்மின் ஒருநாள் துணி மடிக்கிறேன் என்று ஒரு தலையணையோடு அங்கே போனாள். மறுநாளும் துணி இருந்தது. அப்படியே அங்கே தங்கிவிட்டாள். இதைப்பற்றி வீட்டில் யாரும் அறிக்கை விடவில்லை. வெகுநாள் கழித்து ஜெரோம் ஒருமுறை கேட்டார்.

"இனிமே அங்கயேதானா?"

"ஃபேன் சத்தம் உங்களுக்கு ஒத்துக்காதுல்ல."

"ஆமாமா, ஒத்துக்காது" என்றார், சந்தோஷத்தை அவராலும் மறைக்க முடியவில்லை.

அந்த அறையின் சீலிங் ஃபேன் கிழடு, றெக்கையை எண்ணலாம். ஜெரூஷா வாங்கித் தந்த டேபிள் ஃபேன்தான் ஜாஸ்மினின் ஆஸ்தி. வாழ்நாளில் முதல்முறையாக, அவளுக்கென்று ஒரு அறை, ஒரு கதவு, ஐந்தில் ஓடும் ஒரு ஃபேன்.

அதற்குத்தான் ஈஸ்டர் வந்தால் ஆபத்து. ஜாஸ்மின் அண்ணி என்று கூப்பிடும் ஜெரோமின் அக்கா ஞானம்மாள் இரும்புலியூரில் ஷீட் போட்ட வீட்டில் தனியாக இருந்தாள். ஜெரோமைத் தூக்கி வளர்த்தவள். கோடை வந்தால் ஷீட்டின் வேக்காடு தாங்காமல் ஒரு பையும் சொந்தத் தலையணையுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து ஜூன் வரை இருப்பாள். வந்தால் பின்னறை அவளுக்கு. அது எழுதாத சட்டம். ஜெரூஷா இருந்த காலத்தில் அத்தையோடு அவள் பட்ட பாடு தனி. ஞானம்மாளும் தம்பியின் ரத்தம். ஷீட்டின் அனல்தான் அவளுக்கு ஆகாது. ஃபேன் காற்று அதைவிட ஆகாது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, காலுக்குக் கம்பளி உறை மாட்டிக்கொண்டு மே மாதத்தில் நிம்மதியாகத் தூங்குகிறவள். இந்த வருஷம் அவள் வந்தால் ஜாஸ்மின் தலையணையைத் தூக்கிக்கொண்டு பழையபடி ரெகுலேட்டர் யுத்தத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த நிலைமையில்தான் தேனீக்கள் வந்தன.

ஜெரோம் கடையில் விற்கிற பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்க மாட்டார். வருஷாவருஷம் மூங்கில் சிம்பு கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, தானே செய்வார். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றிவிடுவது வழக்கம். இந்தத் தடவை தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் கழற்றவில்லை. பேப்பர் கிழிந்து பறந்து, வெறும் மூங்கில் எலும்பு பின்பக்கப் பால்கனியில் ஆடிக்கொண்டிருந்தது. பொங்கல் லீவில் ஒருநாள் பார்த்தால் அதில் ஒரு கைப்பிடித் தேனீ. சின்ன ஜாதி, கொம்பில் ஒற்றை அடை கட்டுகிற வகை.

கீழ்வீட்டுக் குப்புராஜ் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வைத்தியம் சொன்னார். "ஒரு பழைய துணியைக் கொளுத்திக் காட்டுனா ஓடிரும் சார். நான் பண்ணட்டா?"

"நட்சத்திரத்துல வந்து உக்காந்திருக்கு குப்புராஜ். அதுல போய் நெருப்பு வெக்கறதா?"

"ஐயோ, சாமி விஷயமா சார்? எனக்கு வேணாம்" என்று குப்புராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் முருக பக்தர். ஆனாலும் யார் சாமியையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

ஜெரோம் பக்தியோடு கும்பிட்டுவிட்டுப் பால்கனிப் பக்கம் போவதையே நிறுத்தினார். ஜாஸ்மின்தான் தினமும் டீ டம்ளரோடு போய் நிற்பாள். தை மாதத்து விடியலில், பல்லாவரம் மலைப்பக்கம் பனி மூடியிருக்கும் நேரத்தில், தேனீக்கள் அடையின்மேல் நாலைந்து அடுக்காக நெருக்கியடித்துக்கொண்டு, சால்வை போர்த்திய மாதிரி அசையாமல் இருந்தன. பழக்கதோஷத்தில் ஜாஸ்மின் புறங்கையை அருகில் கொண்டுபோனாள். நிறுத்திக் கொஞ்ச நேரமான இஸ்திரிப் பெட்டியைப்போல ஒரு மெல்லிய வெதுவெதுப்பு. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்துனூண்டு உடம்புகளுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது?

ஜெரூஷா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். "றெக்கைய ஆட்டாம, றெக்கைக்கு உள்ள இருக்கிற சதைய மட்டும் நடுக்குமாம் மம்மி. அதுல சூடு வரும். எல்லாம் சேந்து அப்படிப் பண்ணி நடுவுல இருக்கிற குஞ்ச ஒரே சூட்டுல வெச்சிருக்கும்."

"உங்க அப்பா மாதிரின்னு சொல்லு."

"அப்பா வேணும்னு நடுங்கல மம்மி."

"உனக்குத் தெரியாது."

மத்தியானத்துக்கு மேல் பார்த்தால் மேற்கிலிருந்து வரும் தை மாத வெளிச்சத்தில் சால்வை தளர்ந்து, அவை முதுகு காய்த்துக்கொண்டிருக்கும். ஜாஸ்மினுக்கு அவற்றைப் பிடித்துப்போனது. பாசம் என்றெல்லாம் இல்லை. கரப்பானைச் செருப்பால் அடித்துவிட்டு அதே கையோடு சட்னி அரைக்கிறவள் அவள். தன்னிஷ்டத்துக்குச் சூட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிற ஒரு ஜென்மம் இருக்கிறதே என்ற பொறாமைதான்.

தவக்காலத்தில் ஒருநாள் ஜெரோம் அக்காவிடம் போனில் தேனீ வந்த பெருமையைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஜாஸ்மினுக்கும் பதில் கேட்டது.

"இன்னாடா சொல்றே? எந்த ரூம்ல?"

"பின்னாடி ரூம் பால்கனிலக்கா."

"அத்த ஓட்டுடா மொதல்ல. சின்ன வயசுல கண்ணு எமையில கொட்டி மூஞ்சி பூசணிக்கா மாரி வீங்கிப்போச்சு எனக்கு. மறந்துட்டியா?"

"நட்சத்திரத்துல கட்டியிருக்குக்கா. எப்படி ஓட்டறது?"

"அப்ப அதா போற வரிக்கும் நான் வரல. பூச்சி கீற வூட்ல எவ தூங்குவா."

ஜாஸ்மின் தலையைத் தூக்கவில்லை. பீன்ஸை அதே வேகத்தில் நறுக்கினாள். ஆனால் அன்று மத்தியானம் ஜெரோமின் தட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு விழுந்தது. அது எதற்கென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

பங்குனி பிறந்ததும் சிக்கல் தொடங்கியது. பின்னறை மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே உள்ளே வந்து உட்காரும். தேனீக்கள் சால்வையை அவிழ்த்துவிட்டன. நாலைந்து அடுக்கு ஓரடுக்காகி, காற்றுப் போக இடைவெளி விட்டுப் பரவி நின்றன. அடையின் கீழ் ஓரத்தில் ஒரு கூட்டம் தலையைக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, நின்ற இடத்திலேயே றெக்கையடித்தது. இன்னொரு கூட்டம் சமையலறை சின்க், நனைந்த மிதியடி, ஜாஸ்மின் குடித்து வைத்த சொம்பின் விளிம்பு என்று தண்ணீர் தேடி அலைந்தது.

"தண்ணிய எடுத்துட்டுப்போய் கூட்டுல தடவி, விசிறி ஆற வெக்கும் மம்மி. நம்ம மொட்டை மாடில தண்ணி ஊத்தற மாதிரி" என்றாள் ஜெரூஷா.

"அப்ப சமாளிச்சுக்கும்."

"கொஞ்ச நாளைக்கு. அதுக்கும் மேல சூடானா கூட்டை விட்டுட்டு நெழலா வேற இடத்துக்குப் போயிரும். சீசனுக்குச் சீசன் இடம் மாத்துமாம்."

ஜாஸ்மின் போனைக் காதில் வைத்தபடியே போய்க் கூட்டைப் பார்த்தாள்.

"மம்மி, லைன்ல இருக்கியா? உனக்கு என்ன திடீர்னு இவ்ளோ அக்கறை?"

"வீட்டுக்கு வந்த ஜீவன் இல்லையா" என்றாள் ஜாஸ்மின். ஜெரூஷா சிரித்த சிரிப்பில் நம்பிக்கை துளியும் இல்லை.

முதல் முயற்சி சொதப்பியது. ஃபேனை நேரே கூட்டைப் பார்த்து வைத்து ஐந்தில் போட்டாள்; தனக்குப் பிடித்தது அவற்றுக்கும் பிடிக்கும் என்று நினைத்துவிட்டாள். கூட்டம் சீறிக்கொண்டு எழுந்தது. ஒன்று அவள் பின்கழுத்தில் கொட்டியது. கத்தினால் ஜெரோம் வந்து கேட்பார்; கேட்டால் குப்புராஜ் வரை போகும். முந்தானையைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாயங்காலம் வீக்கத்தைப் பார்த்து ஜெரோம் கேட்டபோது சுளுக்கு என்றாள். அவர் அன்பு மிகுதியால் தைலத்தை எடுத்து, கொட்டின இடத்திலேயே சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். ஜாஸ்மின் கண்ணில் நீர் வழிய "இப்ப பரவால்லங்க" என்றாள்.

அதற்கப்புறம்தான் கோணி, தட்டு, ஒன்றில் ஓடும் ஃபேன் என்று ஒரு முறை படிந்தது. மேற்கு வெயிலைக் கோணி மறைத்தது, ஈரக்காற்று கூட்டை மெதுவாகத் தொட்டது. தேனீக்கள் சின்க் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன. தட்டின் கூழாங்கல்லில் வந்து உட்கார்ந்து, முதலாளிகள் மாதிரிக் குடித்துவிட்டுப் போயின. ஜாஸ்மினுக்கோ மத்தியானத் தூக்கம் போனது. குளிர்ச்சியான அறைக்கு ஆசைப்பட்டவள் குளிர்ச்சியை முழுக்கப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை மடியும்வரை விசிறினாள். இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று அவளுக்கும் புரியாமல் இல்லை. ஜூன் வரை தாங்கினால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞானம்மாளிடமிருந்து போன் வரும். "போச்சா?"

"எங்கண்ணி போவுது? நாளுக்கு நாள் பெருசாவுது."

"எம்மாம் பெருசு?"

"முறம் அளவு இருக்கும்."

"முறமா? அவன் கையகலம்னு சொன்னான்?"

"அவர் எங்க கிட்டப் போய்ப் பாக்கறாரு? தூரத்துல இருந்து கும்பிடு போடறதோட சரி."

ஈஸ்டர் வந்தது. ஞானம்மாள் இல்லாத முதல் ஈஸ்டர். பிரியாணியை டப்பாவில் கட்டி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்த ஜெரோம் முகம் வாடி உட்கார்ந்தார்.

"அக்கா வீட்டு மேல கோணியை நனைச்சுப் போட்டுக்கினு கீறா" என்றார். அக்காவைப் பார்த்துவிட்டு வந்த நாளெல்லாம் அவர் பேச்சு அப்படி ஆகிவிடும். "ஏணி வெச்சி ஏறி, பக்கெட்டுல தண்ணி ஊத்துறா. இந்த வயசுல."

ஜாஸ்மினுக்குக் கையில் இருந்த வெங்காயப் பச்சடிக் கிண்ணம் கனத்த மாதிரி இருந்தது. பின்னறைப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். "பாவம்" என்றாள். சொன்னதோடு சரி. வரச்சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் ஜெரூஷாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல அத்தையைக் கூப்பிட்டவள், தன் தேனீ ஞானத்தையெல்லாம் கொட்டியிருக்கிறாள். சூடு தாங்காவிட்டால் அவை கிளம்பிவிடும் என்றும், இன்னும் கிளம்பவில்லை என்றால் அந்த இடம் அவ்வளவு குளிர்ச்சி என்று அர்த்தம் என்றும் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த வாரமே ஒரு காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. பையும் தலையணையுமாக ஞானம்மாள் இறங்கினாள்.

"அண்ணி, பூச்சி இன்னும் இருக்கு" என்றாள் ஜாஸ்மின், வரவேற்பாக.

"தெரியும். அதுக்கே குளுகுளுன்னு கீதாமே. எனக்கு மட்டும் இன்னா கேடு?"

"கொட்டும் அண்ணி."

"பால்கனிக்குக் கதவு கீதா இல்லியா? அது அந்தாண்ட, நான் இந்தாண்ட."

விடுவிடுவென்று பின்னறைக்குப் போனாள். கதவில் இருந்த கொசுவலை வழியாக வெளியே பார்த்தாள். கோணி சொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் தண்ணீர். மூலையில் ஃபேன். ஞானம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஜாஸ்மினு. அந்த பேன் யாருக்கு?"

"செடிக்கு அண்ணி."

பால்கனியில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட் இருந்தது உண்மைதான். ஞானம்மாள் அதையும் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து காலுக்குக் கம்பளி உறையை மாட்ட ஆரம்பித்தாள்.

ஜாஸ்மினின் தலையணை முன்னறைக்குப் போனது. ஜெரோம் தன் கட்டிலை ஒட்டிக் காலியாகக் கிடந்த இவள் கட்டிலைத் தட்டிக் கொடுத்து, போர்வை வேண்டுமா என்று கேட்டார். அடுத்து வந்த நாட்களில் வீட்டுக் கொசுக்கள் மறுபடியும் நிறையத் திட்டு வாங்கின. இருந்தாலும் ஜாஸ்மின் கோணியை நனைப்பதை விடவில்லை. பூச்சி இருக்கும்வரை அண்ணிக்கு ஓரத்தில் ஒரு பயம் இருக்கும், என்றைக்காவது ஒன்று உள்ளே வந்து கொட்டினால் பையைத் தூக்கிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

ஒரு மத்தியானம் அவள், சர்ச் குடும்பங்கள் தெருவாரியாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாள். பின்னறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஃபேன் நின்றிருந்தது. கோணி வாளியில் சுருண்டு கிடந்தது. ஞானம்மாள் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வலைக்கு அந்தப் பக்கம் வெயில் நேரே கூட்டின்மேல் விழுந்தது. அடையின் மேல்பாதி வெறுமையாகத் தெரிந்தது. தேனீக்கள் கீழ் ஓரத்தில் கொத்தாக இறங்கித் தொங்கின. மிச்சம் இருந்தவை வெறிபிடித்த மாதிரி றெக்கையடித்தன. தண்ணீர்த் தட்டு காய்ந்திருந்தது. ஜாஸ்மின் பூச்சியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். ஒரே வெயில்தான், ஒரு கதவுதான் நடுவில்.

ஓடிப்போய்க் கோணியை நனைத்துக் கட்டினாள். சத்தத்தில் ஞானம்மாள் விழித்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி எடுத்தீங்க?"

"ஈரம் மூட்டுக்கு ஆவலம்மா. மூஞ்சிய துண்டால மூடிகினு போய் எடுத்துட்டு கதவ நல்லா சாத்திட்டேன், பயப்படாத."

தட்டை நிரப்பினாள், ஃபேனைப் போட்டாள். ஆனால் தேனீக்கள் ஏதோ முடிவு பண்ணிவிட்ட மாதிரி இருந்தன. மறுநாள் அவை தட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள், சமையல் முடித்து அவள் வரும்போது பால்கனியில் இரைச்சல் கேட்டது. கம்பெனியில் எல்லா நீராவிப் பெட்டியையும் ஒரே நேரத்தில் அழுத்தின மாதிரி. இரண்டு பெண்களும் வலையோரம் போய் நின்றார்கள். கூட்டம் மொத்தமும் கிளம்பிக் காற்றில் பந்தாகச் சுழன்றது. கம்பியைத் தாண்டி, குப்புராஜ் வீட்டு முருங்கைக்கு மேலாக, பின்தெரு வேப்பமரங்கள் இருந்த பக்கம் போய் மறைந்தது. நட்சத்திரத்தில் மெழுகு நிறத்தில் ஒரு சின்ன அடை மட்டும் ஆடியது.

ஞானம்மாள் கதவைத் திறந்து முகத்தை மூடாமல் வெளியே போய், முதல்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இதான் உன் முறமா?" என்றாள். "என் கைய விட சின்னதா கீது."

ஜாஸ்மின் கோணியை அவிழ்த்தாள். மடிப்பது போல எதையோ செய்தாள். ஈரக் கோணி மடியாது.

"ஒன்னு கேக்கறேன். பூச்சி ஓடணும்னு நெனக்கிறவ எவளாவது அதுக்கு பேன் போடுவாளா?"

"அண்ணி, செடிக்கு…"

"செடி சாவட்டும். நானும் வூட்டு மேல கோணி போடறவதான். ஷீட்டு எங்க காயும், தண்ணி எப்ப ஊத்தணும்னு எனக்குத் தெரியாதா? பேஜார் புடிச்சவளே, என்ன வராதேன்னு சொல்றதுக்கு இம்மாம் பாடா?"

"அப்படி இல்ல அண்ணி."

"பின்ன எப்படி?"

ஜாஸ்மின் கோணியை வாளிக்குள் போட்டாள். இனி மறைக்க ஒரு பூச்சிகூட மிச்சம் இல்லை. அனல் அந்த நேரம் பார்த்துத்தான் நெஞ்சிலிருந்து ஏறியது. கழுத்து, கன்னம், காது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு ஃபேன் வேணும் அண்ணி" என்றாள். "அஞ்சுல வேணும். உங்க தம்பி ரெண்டுல வெக்கறாரு. எனக்கு உள்ள எரியுது. இந்த ரூம்னா நான் பாட்டுக்குப் போட்டுப்பேன். அவ்ளோதான்."

ஞானம்மாள் அவள் சிவந்த காதைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"எனக்கும் எரிஞ்சிதும்மா. உன் வயசுல தண்ணிப் பானைய கட்டிப்புடிச்சிகினு படுத்தவ நான். எங்க வூட்டுக்காரரு இது இன்னா கூத்துன்னு கேட்டாரு. அப்புறம் ஒருநா நின்னுபோச்சு. அதுல இருந்து குளுர்தான். உனக்கும் வரும் பாரு, அப்ப நீயும் சாக்ஸ் மாட்டுவ."

"அதுக்கு இன்னும் எவ்ளோ நாளாவும் அண்ணி?"

"அது எனக்கு இன்னா தெரியும். பூச்சியக் கேக்க வேண்டியதுதானே, அதான் அம்மாம் சிநேகம் வெச்சிருந்தியே."

எழுந்தாள். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பையை எடுத்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எங்கண்ணி போறீங்க?" ஜாஸ்மினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா கோபித்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தால் ஜெரோம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

"ஜெரோமு ரூமுக்கு. அங்க உன் கட்டிலு கீதே. அவனும் பேன் போட மாட்டான், நானும் போட மாட்டேன். சாத்திகினு ரெண்டு பேரும் நிம்மதியா கெடப்போம். சின்ன வயசுல ஒரே பாய்ல படுத்தவங்கதானே."

ஜாஸ்மின் அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. விருந்தாளிக்குத் தனி அறை தராமல் என்ன மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள். தரும் அறையை வேண்டாம் என்றால் என்ன மரியாதை என்று அண்ணி நினைத்திருப்பாள்போல. மரியாதை பார்த்தே எல்லோரும் புழுங்கியிருக்கிறார்கள்.

பால்கனிக்குப் போய் ஃபேனைத் தூக்கி வந்தாள். தூசியைக்கூடத் துடைக்காமல் கட்டிலின் தலைமாட்டில் வைத்து, பிளக்கைச் செருகி, ஐந்தாம் பித்தானை அமுக்கினாள். காற்று முகத்தில் வந்து மோதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசல்படி வரை போன ஞானம்மாள் திரும்பினாள். ஃபேன் காற்று பட்டதும் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டாள்.

"ஏம்மா ஜாஸ்மினு, இத்த போன்லயே ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இன்னா வந்துது?"

ஜாஸ்மின் கண்ணைத் திறக்கவில்லை. முடி பின்னால் பறந்துகொண்டிருந்தது. ஞானம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தலையணையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டு, கதவைப் பாதி சாத்திவிட்டு, முன்னறைக்குப் போனாள்.